யார் பிடித்து வைத்தது

கொட்டாஞ்சேனை, இரவு பதினொன்றரை.
மருந்துக்கடைச் சேர்வர் அப்டேட் கேட்கிறது.
ரசீது நிரலுக்குப் பழைய லைப்ரரிதான் வேண்டுமாம்,
புதிய டேட்டாபேஸுக்கோ அதன் பேரே ஆகாது.

நீக்கவா என்கிறது திரை.
கூடவே நாற்பத்தேழு போகுமாம்.
விரலை எடுத்துக்கொண்டேன்.

கீழே
மட்டக்குளி பஸ் ஆளில்லாத சந்தியில்
கூவிவிட்டுப் போகிறது.
பிளேன்டீ ஆறிவிட்டது.

இது அதைக் கேட்க, அது இன்னொன்றைக் கேட்க,
பின்னால் பின்னால் போனால்
ஒற்றைப் பொதி:
பிடித்து வைக்கப்பட்டுள்ளது.
எந்த மடையன்?
பதிவைப் புரட்டினேன். என் பெயர்.
இருபத்திரண்டு ஜூலை,
கரண்ட் போக இருபது நிமிடம் இருக்கையில்
இப்போதைக்கு என்று போட்ட பூட்டு.

திறந்தேன்.
நாற்பத்தேழு மூன்றாயிற்று.
மூன்றில் ஒன்று ரசீது.

காலை ஏழுக்குச் செபமாலை அண்ணர் கதவைத் தூக்குவார்.
கைரசீதுப் புத்தகத்தைத் தேடி
மேசையில் வைத்துவிட்டு
ஆம் என்று அழுத்தினேன்.