மூன்று வரித் தகுதி

வேட்புமனுப் படிவம் என் மேஜையில்தான் இருக்கும்.
பதவி: மரண விசாரணை அதிகாரி, டன்வெல் கவுண்டி.
தகுதி என்ற இடத்தில் மூன்று வரி.
பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும்.
ஓராண்டு இங்கே குடியிருந்திருக்க வேண்டும்.
சிறை சென்றிருக்கக் கூடாது.
நான்காவது வரிக்கு இடம் இருக்கிறது.
நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து
அது வெள்ளையாகவே கிடக்கிறது.

ரயிலடியில் கோதுமை நிறுக்கும் தராசுக்கு
வருடம் தவறாமல் ஒருவர் வருகிறார்,
எடைக்கல் வைத்துப் பார்த்து
முத்திரை ஒட்டிவிட்டுப் போகிறார்.
முத்திரை இல்லையென்றால் ஒரு லாரி உள்ளே திரும்பாது.
சாவை நிறுப்பவரைத் தேடி
அப்படி யாரும் வருவதில்லை.

அந்த வருடம் இரண்டு பேர் நின்றார்கள்.
ஆரின் ஹாக்ஸ்டாட், பழுதான வண்டிகளை இழுத்துப் போகிறவர்.
"விபத்து நடந்த இடத்துக்கு எப்படியும் நான்தானே முதலில் போகிறேன்?"
இதுதான் அவர் பிரசாரம் முழுவதும்.
வெர்னா டோலெஃப்சன், மாட்டு டாக்டரிடம்
இருபத்திரண்டு வருடம் உதவியாள்.
பிரசாரமே செய்யவில்லை.
ஐந்நூற்றுப் பதினொன்று.
ஐந்நூற்றுப் பதினொன்று.
மறுபடி எண்ணினோம். மறுபடியும் அதே.

சட்டப் புத்தகத்தைப் புரட்டினேன்.
சமமானால் குலுக்கல் என்றிருந்தது,
எப்படிக் குலுக்குவது என்றில்லை.
ஷெரீப் பாக்கெட்டிலிருந்து கால் டாலர் எடுத்தார்.
பூவா தலையா?
காசு தரையில் விழுந்து
ஹீட்டருக்கு அடியில் உருண்டு போனது.
முழங்கால் போட்டு எட்டிப் பார்த்துச் சொன்னவள் நான்.
வேறு யாரும் குனியவில்லை.

பிப்ரவரியில் லிண்ட்க்விஸ்ட் பண்ணையின் தானியக் கொட்டிலுக்குள்
ரூபென் ஒலிவாஸ், வயது இருபத்து நான்கு.
வழுக்கி விழுந்தான் என்றார் மேலாள்.
வழுக்கித்தான் விழுந்திருப்பான் என்றது ஊர்.
பிரேதப் பரிசோதனைக்கு மூவாயிரம் டாலர்,
வண்டிக்கூலி தனி என்றார்கள் கமிஷனர்கள்.
"விபத்து என்று எழுதிவிடேன், வெர்னா."

அவள் அந்தக் கட்டத்தை நிரப்பவில்லை.
ஏணியின் மூன்றாம் படியில் அவன் தொப்பி,
தொப்பிக்குள் மடித்து வைத்த கையுறைகள்.
"பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு.
வெறுங்கையால் இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும்.
பசுமாடுகூட யோசிக்கும்" என்றாள்.

இருநூற்றுப் பத்து மைல், சாலை மூடிக் கிடந்தது.
ஆரின் தன் லாரியில் பனிக் கலப்பையைப் பூட்டிக்கொண்டு
முன்னால் போனார். பில் அனுப்பவில்லை.
நான் ஒரு வாரம் காத்திருந்தேன் அந்த பில்லுக்கு.

தலைநகரில் டாக்டர் ஹலீனா வோய்டாசிக்கின் சுவரில்
மருத்துவம் நான்கு வருடம், நோய்க்கூறு நான்கு,
தடயவியல் ஒன்று, தேர்வுகள் வேறு,
எல்லாம் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தன.
வெர்னா உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தாள்.
மேஜைமேல் பிரித்தபடி ஒரு கடிதம்:
ஐந்து பேர் குழு நியமித்தது, அந்த ஐந்து பேரே
ஜூனில் நீட்டிப்பதா என்று கூடிப் பேசுவார்களாம்.
ஷெரீப்களுக்குப் பிடிக்காத இரண்டு அறிக்கைகள் எழுதியிருக்கிறார்.

டாக்டர் முதலில் கத்தியை எடுக்கவில்லை, பேனாவை எடுத்தார்.
"எனக்கு இங்கே வருவது உடம்பு மட்டும்.
இடத்தைப் பார்த்தவர் நீங்கள். சொல்லுங்கள்."
வெர்னா கையுறைகளைச் சொன்னாள்.
"எந்தப் பக்கமாக மடித்திருந்தது?"
அதையும் சொன்னாள்.

அறிக்கையில் என்ன இருந்தது என்று நான் சொல்லக் கூடாது,
அது இப்போது வழக்கறிஞர் அலமாரியில்.
மேலாள் ஊரில் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஏப்ரலில் எல் பாசோவிலிருந்து அக்காக்காரி பேசினாள்,
சான்றிதழ் நகலுக்காக.
பெயரை எழுத்துக் கூட்டி இரண்டு முறை சொன்னாள்.
பிறகு,
"கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறாளே, அந்த அம்மா டாக்டரா?"
இல்லை என்றேன்.
"அப்படியென்றால் யார் அவளைத் தேர்ந்தெடுத்தார்கள்?"

ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.
ரிசீவரைப் பிடித்தபடி
அதன் அடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.