நிகர எடை

ஆரம்பாக்கம் தாண்டி, தடாவுக்கு முன்னால்
முனிரத்தினத்தின் எடைமேடையில்
இரவு ஷிப்ட் எனக்கு.

"சுகர் பார்டர்ல இருக்கும்மா" என்றார்
கும்மிடிப்பூண்டி டாக்டர்.
நானும் அங்கேதான் சார் இருக்கேன் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
நடக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார்,
மாத்திரை எழுதும் அதே கிறுக்கலில்.

கடிகாரம் சூளூர்பேட்டையில் வாங்கியது.
ஆயிரத்து எண்ணூறு என்றான்.
தெலுங்கில் பேரம் பேசியதால்
நூற்றைம்பது குறைந்தது.
ஐம்பது நிமிடத்துக்கு ஒருமுறை
மணிக்கட்டில் ஒரு வண்டு துடிக்கும்:
எழுந்திரு.
எழுவேன்.
அதே நேரம் பார்த்து
பதினான்கு சக்கர வண்டியொன்று
மேடையேறி ஹாரன் அடிக்கும்.
உட்காருவேன்.

முதல் வாரம் தினமும் ஆறாயிரம் அடி.
சின்னத் திரையில் வாணவேடிக்கை,
பச்சை வளையம், தங்கக் கோப்பை.
எட்டாம் இரவில்தான் பிடிபட்டது.
ரசீதில் நான் குத்தும் ஒவ்வொரு முத்திரையும்
அதன் கணக்கில் ஓரடி.
மூன்று பிரதி. டொக், டொக், டொக்.
கொசுவை அடித்தால் அதுவும் ஓர் அடி.
நாற்காலியை விட்டு இறங்காமலே
தடா போய்ச் சேர்ந்திருக்கிறேன்.

நூறு ரூபாயை மடித்து ஜன்னலில் தள்ளி
ஒரு டன் குறைத்துப் போடு அக்கா என்று
இரண்டு பாஷையில் கெஞ்சியவர்களை
பதினோரு வருடமாகத் திருப்பி அனுப்பியவள்.
எனக்கு மட்டும் எப்படிக் கூட்டிப் போடுவது?
கடிகாரத்தைக் கை மாற்றிக் கட்டினேன்.
இடது கை விசிறுகிறது.
கால்சட்டைப் பையில் போடலாம் என்றால்
கட்டியிருப்பது புடவை.

அதனால் நோட்டின் கடைசிப் பக்கத்தில்
மொத்தம்,
கழித்தல் முத்திரை,
கழித்தல் கொசு (உத்தேசமாக நாற்பது),
நிகரம்.
வண்டிக்குப் போடுவது போலவேதான்.

இரண்டு மணிக்கு மேல் சாலை கொஞ்சம் மூச்சுவிடும்.
மேடையைச் சுற்றி நடப்பேன்.
கூடூரிலிருந்து மணல் ஏற்றி வரும் ஓபுலேசு
ஒருநாள் இறங்கி வந்து
செல்போன் டார்ச்சைத் தரையில் அடித்துக்கொண்டு
என் பின்னாலேயே வந்தார்.
மூன்று சுற்று முடிந்த பிறகு கேட்டார்,
"ஏமக்கா, என்ன தொலைச்சே? தோடா?"
தொலைக்கத்தான் அண்ணா நடக்கிறேன் என்றேன்.
புரிந்ததும் தன் போனை நீட்டினார்.
"இதுலயும் அடி காட்டும், பாரு.
காலையிலேருந்து நானூறு கிலோமீட்டர் வந்திருக்கேன்.
எழுபத்திரண்டு அடி."
சிரித்தார். சிரித்து முடிக்கவில்லை.
அப்புறம் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு
என்னோடு பத்துச் சுற்று.
அவர் வண்டியும் அதற்குள் இருந்த முப்பது டன்னும்
விளக்கெரிய எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன.

வீட்டில் ஒரு தராசு உண்டு, போனோடு பேசுவது.
அறுபத்தாறு புள்ளி இரண்டு,
அறுபத்தைந்து புள்ளி எட்டு,
நேற்றைய சோறு, இன்றைய தண்ணீர்
எல்லாவற்றையும் கோள் சொல்லும்.
எடைமேடை பெரிய மனசுக்காரி.
பத்து கிலோவுக்குக் கீழே அவளுக்கு எண்ணத் தெரியாது.
விடியலில் ஷிப்ட் முடிந்து
காலி மேடையில் ஏறி நின்றால்
எப்போதும் எழுபது.
ஆனி போய் ஆடி வந்தும் எழுபது.

நேற்று
அறுபது.

இறங்கி, மறுபடி ஏறினேன். அறுபது.
டீக்கடை நாய் கூடவே ஏறப் பார்த்தது, விரட்டினேன்.
ஓடிப்போய் கம்ப்யூட்டரில் ரசீது போட்டேன்.
வண்டி எண் இல்லாமல் விடமாட்டேன் என்றது.
கோமளா என்று அடித்தேன்.
பொருள் என்ன என்றது.
கொஞ்சம் யோசித்து, காலி என்று அடித்தேன்.
ஐம்பது ரூபாயை எடுத்துக் கல்லாவில் வைத்தேன்.
மூன்று பிரதி. மூன்று குத்து.
கடிகாரம் மூன்று அடி ஏற்றிக்கொண்டது,
போகட்டும்.

இன்று அம்மன் கோயிலில் கூழ்.
இரண்டு சொம்பு.
காலையில் மேடையில் ஏறவில்லை,
சுற்றிப் போனேன்.