அரசு

காலை ஆறேமுக்கால், பொத்துவில்.
யாழ்ப்பாணத்து வங்கிக்காரர் ஆறு பேர்,
வழிகாட்டி ஹேமசிறி, நான்.
தண்ணீர்ப் போத்தல்களோடு பின்னால் உருளும்
ஜவ்பரின் ஓட்டோ.

எனக்கு நாளுக்கு நாலாயிரத்து ஐந்நூறு,
பகல் சாப்பாடு தனி.
மற்ற நாட்களில் கச்சேரியில்
காணிக் கடிதங்களைத் தமிழாக்குகிறேன்.
வடக்கே வாய்க்கால், கிழக்கே இன்னாரின் தென்னங்காணி,
அப்படிப்பட்ட சொற்கள்தான் நாக்கில் நிற்கும்.
இன்று விகாரைகள்.

கடலோரத்தில் முதலாவது.
மணலுக்குள் பாதி போன கற்றூண்கள்.
முகங்களைக் காற்றுத் தின்ற சிலைகள்:
மூக்கு எங்கே முடியவேண்டும்,
உதடு எங்கே தொடங்கவேண்டும் என்பதை
உப்புத் தீர்மானித்திருக்கிறது.
செருப்பைக் கழற்றினோம்.
மணலில் இன்னும் இரவு இருந்தது.

"கடலில் விடப்பட்ட இளவரசி
இங்கே கரை சேர்ந்தாள்" என்றார் ஹேமசிறி.
"சேர்ந்தாளாம்" என்றேன்.

அந்த ஆம் அவர் சொன்னதில் இல்லை.
சிங்களத்திலும் அதற்கு ஒரு சின்ன 'லு' உண்டு,
கேள்விப்பட்டதற்குப் பின்னால் ஒட்டுவது.
அவர் ஒட்டவில்லை. நான் ஒட்டினேன்.
அவருக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும்.
திரும்பிப் பார்த்தார்.

இரண்டாவது, வீடுகளுக்குப் பின்னால்.
ஞாயிற்றுக்கிழமை ஒழுங்கை,
கொடியில் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டைகள்,
ஒரு மோட்டார் மட்டும் தண்ணீர் இழுக்கும் சத்தம்.
செங்கல் மேட்டில் ஆடு ஏறி நின்று
எங்களை எண்ணியது.
பெயர்ப்பலகையில் பெயர் இல்லை,
தண்டம் மட்டும் இருந்தது, மூன்று மொழியில்.

"பழந்தமிழில் இதுக்கு என்ன சொல்லுறது?"
காசாளர் கோகுலரமணன் கேட்டார்.
"பள்ளி."
ஜவ்பர் எஞ்சினை நிறுத்தினார்.
"எங்கட பள்ளியா?"
"உங்கட பள்ளி, பிள்ளைகள் போற பள்ளி,
பிக்குகள் இருந்த பள்ளி.
பள்ளியெண்டால் படுக்கிற இடம்."
"அப்ப ஒருத்தரும் இன்னும் எழும்பல்ல"
என்று எஞ்சினைத் திரும்பப் போட்டார்.

லகுகலைக்குப் போகும் வழியில்
வயலோரம் ஒரு கன்றுமரம்,
இடுப்பளவுச் சீமெந்துக் கட்டு, புது வெள்ளை.
ஹேமசிறி கைகூப்பினார்.
பிறகு என்னிடம், மொழிபெயர்ப்புக்கு அல்ல,
தனக்காகக் கேட்டார்:
"போதிக்குத் தமிழில் என்ன?"
"அரசு."
குறிப்புப் புத்தகத்தில் எழுதினார்.
"ஆண்டுவ? அரசாங்கம்?"
"அதுவும் அரசு."
பேனை நின்றது.

அந்த வயல் ஜவ்பரின் மச்சானுடையது.
போன மாசியில் அதன் வரம்பில்
எல்லைக்கல் நடப்பட்டுள்ளது.
நடப்பட்டுள்ளது. கடிதத்தில் அப்படித்தான் இருந்தது,
யார் என்ற சொல் இல்லாமல்.
நானும் இல்லாமலேதான் தமிழாக்கினேன்,
முத்திரை குத்தினேன், கையெழுத்திட்டேன்.
ஜவ்பருக்கு அது தெரியும்.
எனக்கு முதலாவதாகத் தண்ணீர் நீட்டினார்.

காற்றில்லை.
அரசிலைகள் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தன.
அதற்கு அவை அப்படித்தான்.

மூன்றாவது காட்டுக்குள்.
யானை இலத்தி, இன்னும் ஈரம்.
படிக்கட்டின் அடியில் அரைவட்டக் கல்,
வரிசையாக யானைகள்,
ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு பாகன்,
என் பெருவிரல் அளவு.
"மற்ற இடங்களில் யானை தனியே நடக்கும்" என்றார் ஹேமசிறி,
"இங்கே மட்டும் ஆள் ஏறியிருக்கிறான்."
கடன் பிரிவு சிவதர்சினி
மிதிக்கத் தூக்கிய காலை
அந்தரத்திலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

மேலே சதுரக் கல்மேடை.
அதே இளவரசி, இப்போது மணப்பெண்.
ஹேமசிறி தொண்டையைச் செருமினார்.
இருபது வருடமாகச் சொல்லிவரும் வசனம்,
பாதியில் தடக்கியது.

"மகுல மெஹே உனாலு."

உனாலு.
யாரும் கவனிக்கவில்லை.
கோகுலரமணன் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்.

"கல்யாணம் இங்கேதான் நடந்ததாம்" என்றேன்,
இம்முறை ஒன்றும் சேர்க்காமல்.

வெளியே ஜவ்பர் ஹோர்ன் அடித்தார்.
நாலு மணிக்குப் பிறகு
யானைகள் றோட்டைக் கேட்கும்.