பன்னிரண்டு மீட்டர் லாரி

கண்ணை மூடிக்கொண்டு டிக்கெட் எடுக்கலாம்
என்று தொடக்க விழாவில் சொன்னவர் எங்கள் மேலாளர்.
கைதட்டினோம். கேக் வெட்டினோம்.
பக்கத்தைக் கட்டியவன் நான், வஹூர்.
ஹீயுமா தீவுக்குப் போகும் படகுகளுக்கு
வலையில் வாசல் வைத்தவன்.

பிப்ரவரியில் ஒருத்தி
அப்படியே எடுத்துப் பார்த்தாள்.

லேலோ. கணக்குத் தணிக்கையாளர்.
தீவின் மீனவர் கூட்டுறவுக்கு ஆண்டுக் கணக்கு பார்க்கப் போகிறவள்.
பிறவியிலேயே பார்வை இல்லை.
ரோஹுகூலா துறையில், காலை ஆறரை மணி இருட்டில்
(இருட்டு எங்களுக்குத்தான்)
வெள்ளைக் கோலும் முதுகுப் பையுமாய் வந்து நின்றவளிடம்
டிக்கெட்டைப் பார்த்துவிட்டு இல்மார் கேட்டானாம்:
"அம்மா, லாரி எங்கே?"

"எந்த லாரி?"

"பன்னிரண்டு மீட்டர் லாரி. நூற்றுப் பதினெட்டு யூரோ
கட்டியிருக்கிறீர்களே. கீழ்த்தளத்தில்
இடம் விட்டு வைத்திருக்கிறோம்."

அவளை ஏற்றிக்கொண்டு,
லாரி நீளத்துக்கு ஒரு வெற்றிடத்தையும் ஏற்றிக்கொண்டு,
பனிக்கட்டியை உடைத்தபடி படகு போயிற்று.

பணத்தைத் திருப்பிக் கேட்க ஒரு படிவம் வைத்திருந்தேன்.
படிவத்தின் அடியில்,
நீங்கள் மனிதர்தான் என்று நிரூபிக்க
போக்குவரத்து விளக்குள்ள படங்களைத் தொடச் சொல்லியிருந்தேன்.
பதினோரு முறை
அவள் மனிதர் இல்லை என்று முடிவாயிற்று.
பன்னிரண்டாம் முறை
அலுவலகத்துக்கே வந்துவிட்டாள்.

கோபமாக வருவாள் என்று காபி போட்டு வைத்தேன்.
மடிக்கணினியைத் திறந்தாள்.
திரையின் வெளிச்சத்தை முழுக்க அணைத்தாள்.
"இப்போது உங்கள் வாசலைக் காட்டுங்கள்."

மூக்கடைத்த குமாஸ்தாவைப் போல
இயந்திரக் குரல் வாசித்தது:

பொத்தான். பொத்தான். பொத்தான்.
பெயரில்லாப் பொத்தான்.
படம், நான்கு நான்கு ஏழு ஒன்று.
இங்கே சொடுக்கவும். இங்கே சொடுக்கவும்.
பொத்தான்.

"இதில் பயணி எது, லாரி எது?"
வரைந்துதான் வைத்திருந்தேன்:
ஒரு குட்டி மனிதன், ஒரு குட்டி லாரி.
அந்தச் சக்கரங்களுக்கே இரண்டு நாள் ஆயிற்று எனக்கு.
நாட்காட்டிக்குள் நுழைந்த டேப் விசை
வெளியே வர வழியில்லாமல்
மார்ச், ஏப்ரல், மார்ச் என்று சுற்றியது.
நான்கு நிமிடம் முடிந்ததும்
உங்கள் நேரம் தீர்ந்தது என்றது பக்கம்.
அதை மட்டும் தெளிவாகச் சொன்னது.

"இதை வைத்துக்கொண்டு எப்படித்தான் டிக்கெட் எடுத்தீர்கள்?"

"ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க."

அன்று மாலைப் புள்ளிவிவரம்:
பார்வையாளர்கள் நாலாயிரத்துப் பன்னிரண்டு.
அவளையும் அந்தச் சொல்லுக்குள்தான்
போட்டு எண்ணியிருந்தேன்.

பிறகு மூன்று வாரம்.
பொத்தான்களுக்குப் பெயர் வைத்தேன்,
பிள்ளைக்கு வைத்ததைவிட யோசித்து.
வெளிர்சாம்பல் எழுத்தைக் கருக்கினேன்.
"அழகே போச்சு" என்றார் மேலாளர்.
ஓய்வுபெற்ற மாலுமி ஓஸ்வால்ட், கை நடுக்கம்,
எள்ளளவு கட்டத்தில் டிக் போட
மகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்,
கட்டம் பெரிதானதும் தானே போட்டார்.
நடுக்கத்தில் இரண்டு தடவை போட்டார்.
இரண்டு டிக்கெட் வந்தது.
அதையும் சரிசெய்தேன்.

கடைசியாக முகப்புப் படம். நான்கு நான்கு ஏழு ஒன்று.
"அதில் என்ன இருக்கிறது?" தொலைபேசியில் லேலோ.
"கடல்."
"கடல் எனக்குத் தெரியும். படத்தில் என்ன?"

ஆறு வருடம் முகப்பில் கிடந்த படத்தை
அன்றுதான் பார்த்தேன்.
நீலம். வெள்ளைப் படகு. கம்பியில் சாய்ந்த பெண்.
வலது ஓரத்தில், பாதி வெட்டுப்பட்டு,
ஒரு தென்னை.

எங்கள் கடலில்.

சொன்னேன்.
அவள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன்.
நான்கு நிமிடம் தாண்டியிருக்கும்.

நூற்றுப் பதினெட்டு யூரோ இன்னும் திரும்பவில்லை.
அது கணக்குப் பிரிவின் வேலை.
அவர்களிடமும் ஒரு படிவம் இருக்கிறது.