கடைசிப் பொத்தான்

ஹெவின் ப்யூவின் ஆட்டுக் கொட்டகையில்
இரண்டு எம்.ஜி.பி. நின்றன.
ஒன்று அறுபத்தேழு, பச்சை, தலை திறந்தது.
மற்றது அறுபத்தொன்பது, வெளிர்நீலம், இரும்புக் கூரை.
அடியில் இரண்டும் ஒன்றுதான் என்றார்.
அதே இன்ஜின், அதே கியர்,
அதே இடத்தில் துரு.
"தலைக்கு மேல் என்ன வேண்டும்,
அதை மட்டும் சொல்லுங்கள்."

குடைக்கே மூட்டுவலி வரும் ஊர் எங்கள் பார்மத்.
இதையெல்லாம் கேட்க வேண்டுமா என்றாள் நெஸ்டா.
என் தங்கை.
மீன் வறுத்து வறுத்து
முழங்கை வரை புள்ளி விழுந்தவள்.

கடை எரிந்ததற்கு வந்த பணம்
பதினோரு வருஷம் வங்கியில் கிடந்தது.
தொட இருவருக்கும் கை வரவில்லை.
போன மாதம் திடீரென்று அவள்தான்,
"கார் வாங்கலாம் எலூனெட்,
எதற்கும் உதவாத ஒரு கார்."

முதலில் நீலத்தை ஓட்டினோம்.
கதவைச் சாத்தியதும்
உலகத்தை யாரோ அணைத்துவிட்டதுபோல் இருந்தது.
பழைய தோல், பெட்ரோல்,
எப்போதோ செத்த ஒரு நாயின் வாசனை.
நெஸ்டா மூச்சு விடுவது எனக்குக் கேட்டது.
நான் எச்சில் விழுங்கியது அவளுக்குக் கேட்டிருக்கும்.
கண்ணாடியில் ஆவி படிந்தது,
சட்டைக் கையால் துடைத்தாள், மறுபடி படிந்தது.
"நல்ல கார்" என்றாள்.
"நல்ல கார்" என்றேன்.
நாலு மைலுக்கு அவ்வளவுதான் பேச்சு.

பிறகு பச்சை.
ஹெவின் தன் கம்பளித் தொப்பியை எனக்குக் கொடுத்தார்,
ஆட்டு மணம் ஓசி.
மூன்றாம் கியரில் என் கண் நீர் கோத்தது,
நான்காம் கியரில் காது போயிற்று.
காதர் இத்ரிஸ் மலை
பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்துகொண்ட மாதிரி
அவ்வளவு கிட்டே.
நெஸ்டா ஏதோ சொன்னாள், சிரித்தேன்.
நான் ஏதோ சொன்னேன், அவளும் சிரித்தாள்.
எதுவும் யாருக்கும் கேட்கவில்லை.

கழிமுகத்துக்கு மேலே அந்த வளைவு.
ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்,
எனக்கில்லை, காற்றுக்கு:
"அன்றைக்கு எண்ணெய்ச் சட்டியை
அணைக்காமல் போனது நான்தான்."

காற்று எடுத்துப் போய்விடும் என்று நம்பியிருப்பாள்.
வளைவில் காற்று
என் பக்கமாகத் திரும்பியது.

பதினோரு வருஷம்.
தூங்கப் போகுமுன் அடுப்பை மூன்று முறை தொட்டுப் பார்ப்பவள் நான்.
விருந்துக்குப் போன வீட்டிலும்
எழுந்து போய்ப் பார்ப்பேன்.
கடைசியாகக் கதவைப் பூட்டியவள்
நான் என்பதால்.

"என்ன சொன்னாய்?" என்று கத்தினேன்.
"ஒன்றுமில்லை, ஆட்டைப் பார்!" என்று கத்தினாள்.
ஆடு இருந்தது.
பார்த்தேன்.

கொட்டகைக்குத் திரும்பியதும்
நீலம் என்றாள் நெஸ்டா,
கணக்குப் பார்க்கிறவள் குரலில்.
மழை, வயது, அவளுடைய சைனஸ்,
பின்னால் சாமான் வைக்க இடம்.
எல்லாம் சரிதான்.
பச்சை என்றேன்.
ஏன் என்று கேட்டாள்.
தொப்பி பிடித்திருக்கிறது என்றேன்.
என்னைப் பார்த்தாள், கொஞ்சம் அதிக நேரம்.
தொப்பி விற்பனைக்கு இல்லை என்றார் ஹெவின்.

பாதி வழியில் பிடித்துக்கொண்டது மழை.
அந்தக் காரின் துணிக்கூரையை
ஒற்றை ஆள் போட முடியாது.
அவள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்,
கம்பிச் சட்டத்தை நிமிர்த்தி, துணியை விரித்து,
விளிம்பைப் பல்லைக் கடித்து இழுத்து,
பொத்தான் பொத்தானாக அழுத்தினோம்.
இரண்டு பேரும் தொப்பலாகிவிட்டோம்.
கடைசிப் பொத்தான் மட்டும் எட்டவில்லை,
ஒரு விரல் அகலம் பாக்கி.

"இழு" என்றாள்.
"இழுக்கிறேன்" என்றேன்.
"கேட்டதா உனக்கு?" என்றாள்,
துணிக்கு மேலாக, என் முகம் பார்க்காமல்.

"இழு நெஸ்டா, மழை உள்ளே போகிறது."