பதிவாகாத இரவு

செல்லூர், இரண்டாம் மாடி, மணி ஒன்றரை.
இந்த விளையாட்டில் குதிரைக்குக்கூடப் பசிக்கிறது.
குளிக்காமல் போனால்
சந்தைக்காரி மூக்கைப் பொத்துகிறாள்.
வாள் தீட்ட மறந்த அன்று
சோப்ளாங்கித் திருடன் ஒருவன் மண்டையைப் பிளந்தான்.
நாலு நாளாக அங்கே எழுத்துக்கூட்டப் படிக்கிறேன்,
காசு கொடுத்து.

"ராசாவப் பாத்துட்டியா மாப்ள?" என்கிறான் இர்ஃபான்.
இல்லை.
ஆற்றோரம் மூலிகை பறித்துக்கொண்டிருக்கிறேன்.
அந்த ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது.

இன்று பாலத்தில்
மூன்று பேரை ஒற்றையாளாய்ச் சாய்த்து
மூச்சு வாங்கி நிற்கையில்
கரண்ட் போனது.
கீழே தறிகளும் சட்டென்று நின்றன.

சாராயம் குடித்தால்தான் ஆட்டம் பதிவாகும் அங்கே.
என் புட்டி காலி.
அந்த மூவரும் இந்நேரம்
தூசி தட்டி எழுந்திருப்பார்கள்.

இருட்டில்
சட்டையை முகர்ந்து பார்த்தேன்.
சந்தைக்காரி செய்தது சரிதான்.