முழங்கால் பற்றிய வாக்குமூலம்

பெண்கள் நானூறு மீற்றர், இறுதி. மட்டக்களப்பு மைதானம்.
நாலாம் சுவட்டில் நான், பொலிஸ் அணி.
ஐந்தில் துறைநீலாவணை யதுர்ஷிகா.
கடைசி வளைவில் வாவிக்காற்று எதிரே வந்து
நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது.
அவளைத் தள்ளவில்லை.
அரை வினாடியால் தோற்றேன்.
அதில் எனக்கு மனக்குறை இல்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

மேடை என்றால் மூன்று மரப்பெட்டி.
பென்டிரைவ் செருகினார்கள், கீதம் எழும்பியது.
பாதிப்பேர் பாடினோம், பாதிப்பேர் உதடு அசைத்தோம்.
அவள் பதக்கத்தைக் கழற்றவில்லை,
கை உயர்த்தவில்லை, ஒன்றும் கத்தவில்லை.
ஒன்றாம் பெட்டியின் மேலேயே
வலது முழங்காலை ஊன்றினாள்.
எனக்கு மேலே இருந்த தலை
என் தோளுக்குக் கீழே வந்தது.
"என்னகா?" என்றேன், பல்லுக்குள்ளே.
அவள் கொடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடுவில் பென்டிரைவ் சிக்கியது.
கீதம் முதலடிக்குத் திரும்பிப் போனது.
நிமிர்ந்து நின்ற நாங்கள் மறுபடி நிமிர்ந்தோம்.
அவள் மறுபடியும் முதலிலிருந்து முழங்காலில்.
பிரதம அதிதி செருமினார்.
அவளுடைய றிஸ்மின் சேர் தொப்பியைக் கழற்றி
அதற்குள் எதையோ தேடினார்.
பெட்டியில் ஓர் ஆணி துருத்தியிருந்ததைப்
பிறகுதான் கண்டேன், இரத்தத்தோடு.

அன்றிரவே அறிக்கை கேட்டார் ஓ.ஐ.சி.
நீதானே பக்கத்தில் நின்றாய், உனக்குத் தமிழும் தெரியும்.
குந்தினாளா, மண்டியிட்டாளா, விழுந்தாளா?
தமிழில் எழுதிச் சிங்களத்தில் பெயர்க்க வேண்டும்.
மாதா கோயிலில் செய்தால் அது ஒரு சொல்.
கணக்குச் செய்யாத பிள்ளைக்கு வேறு சொல்.
நான் யோசிக்க யோசிக்க
அவரே ஒன்றைத் தந்தார்: அவமதிப்பு.
அதில் முழங்காலே இல்லை.

சேர், துவக்குச் சத்தத்துக்கு முன்
எட்டுப் பேரும் கோட்டில் முழங்கால் ஊன்றித்தானே இருந்தோம்,
அப்போது எவரும் பெயர் எழுதவில்லையே
என்று சொல்ல வாயெடுத்தேன்.
தேநீர் வந்தது.

இன்னொன்றும் சொல்லவில்லை.
சித்திரையில் ஒரு செவ்வாய்,
மோட்டார் சைக்கிளுக்குப் பத்திரம் இல்லையென்று
ஒரு பொடியனைக் கொண்டுவந்தார்கள்.
பின்முற்றத்தில், சல்லிக்கல்லின் மேல்,
விடியும்வரை.
பெயர் கேதுஷன். அவளுக்கு நேர் மூத்தவன்.
அவளைப் பயிற்சிக்கு ஏற்றி இறக்கும் சைக்கிள் அது.
நான் உள்ளே வரவுப் புத்தகத்தில்
சிவப்புப் பேனையால் கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.
நேர்கோடு. அடிமட்டம் வைத்து.
"தங்கச்சிக்கு நாளைக்கு ஓட்டம்" என்று
ஒரு குரல் இரண்டு தரம் சொன்னது.
யன்னலைச் சாத்தியது நான்தான்.
நுளம்பு என்றேன்,
ஒன்றும் கேட்காத ஒருவரிடம்.

இந்தச் சீருடையால்தான் எங்கள் வீட்டுக்கு ஓடு வந்தது,
அம்மாவின் அடகு மீண்டது.
சந்தையில் எனக்கு வழி விடுகிறார்கள்.
சிலர் வழி விட்டபின் துப்புகிறார்கள்.
இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அறிக்கையில் அவர் தந்த சொல்லையே எழுதினேன்.
கையொப்பம் வைத்தேன்.
இரவு பத்து இருபது என்று நேரமும் போட்டேன்.

திங்கள் காலை பயிற்சி.
முழங்காலை மண்ணில் வைத்தேன்,
பொடிக்கல் ஒன்று உறுத்தியது, பழகிய இடத்தில்தான்.
துவக்கு வெடித்தது.
ஐந்து முதுகுகள் வளைவில் சிறுத்துப் போயின.
நான் இன்னும் கோட்டில்.

சப்பாத்து நாடா அவிழ்ந்துவிட்டது என்றேன்.
அவிழவில்லை.